கர்ப்பப்பைப் புற்றுநோய்: வகுக்கும் எண்ணையும் பாருங்கள்

இப்படியொரு பொருளைப் பற்றி ஓர் ஆண், அதிலும் தண்டவாளத்தோடு காலம் கழித்த ஒருவன், எழுதலாமா என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. நான் மருத்துவன் அல்லன். சிவில் டிப்ளமோ படித்து, தென் மத்திய ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன். குடும்பத்தில் வந்த ஒரு நோயின் காரணமாக, சென்ற சில ஆண்டுகளாக இதைப் பற்றி வெளிவந்த ஆய்வுகளையும் பதிவேட்டு அறிக்கைகளையும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். புரியாத இடங்களைப் பழக்கமான இரண்டு மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்துகொண்டேன். படித்தவற்றில் ஒரு கணக்கு விஷயம் பாலாநகரிலும் அதைச் சுற்றிலும் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு மிகவும் வேண்டியது என்று தோன்றியது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

வாய் வேறு, உடல் வேறு

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "கர்ப்பப்பையில் கேன்சர்" என்று நாம் பொதுப்படையாகச் சொல்லிவிடுகிறோம். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்களும் "கர்ப்பசஞ்சி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் கர்ப்பப்பை, காம்பு கீழே இருக்கும்படி கவிழ்த்துப் பிடித்த பேரிக்காய் போன்றது. கீழே உள்ள குறுகிய பகுதி அதன் வாய். மேலே அகன்ற பகுதி அதன் உடல். இரண்டிலும் வரும் புற்றுநோய்கள் காரணத்திலும் வயதிலும் வைத்தியத்திலும் வேறு வேறானவை.

வாய்ப் பகுதியில் வருவது பெரும்பாலும் ஒரு வைரஸால் வருகிறது. அதற்குத் தடுப்பூசி உண்டு. பாப் ஸ்மியர் என்ற எளிய பரிசோதனையால் முன்கூட்டியே பிடித்துவிடலாம். உடல் பகுதியில் வருவதற்கு அந்தத் தடுப்பூசி பயன்படாது. பாப் ஸ்மியரையும் அதற்கென்று நம்பியிருக்க முடியாது. அறிகுறி இல்லாத பெண்களுக்கெல்லாம் வரிசையாகச் செய்து பார்க்கும் பரிசோதனை எதுவும் இந்த நோய்க்கு இன்றுவரை இல்லை. போன வருடம் முகாமில் பாப் ஸ்மியர் எடுத்துக்கொண்ட ஓர் அம்மையார், "கர்ப்பப்பை முழுக்கப் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லையாம்" என்று என் மனைவியிடம் சொன்னார். வாயை மட்டும்தான் பார்த்தார்கள் என்பதை யாரும் அவருக்கு விளக்கவில்லை.

2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஒரு வருடத்தில் வாய்ப் பகுதிப் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 1,24,000 பேர். உடல் பகுதியில் வந்தவர்கள் சுமார் 16,000 பேர். அதே ஆண்டில் உலகம் முழுவதும் உடல் பகுதிப் புற்றுநோய் ஏறத்தாழ 4,17,000 பேருக்கு வந்தது. நம்மிடம் இது இன்னும் குறைவுதான். ஆனால் 1982 முதல் விவரம் சேர்த்துவரும் சென்னைப் பதிவேட்டைப் பார்த்தால், வாய்ப் பகுதியில் வருவது வருடா வருடம் இறங்கிக்கொண்டும், உடல் பகுதியில் வருவது ஏறிக்கொண்டும் இருக்கிறது. பெங்களூரிலும் இதே போக்குதான்.

ஒரே பெயரில் இரண்டு நோய்

இந்த உடல் பகுதிப் புற்றுநோயும் ஒரே நோய் அன்று. 1983-இல் லெனின்கிராடில் போக்மன் என்ற மருத்துவர் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். முதல் வகை, ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு அதிகமாவதால் வருவது. உடல் பருமன், சர்க்கரை, குழந்தையின்மை ஆகியவற்றோடு சேர்ந்து வரும். கர்ப்பப்பையின் உள்சவ்வு முதலில் தடித்து, பிறகு மெதுவாகப் புற்றாக மாறும். கர்ப்பப்பையைத் தாண்டுமுன் கண்டுபிடித்தால் ஐந்தாண்டு கடந்து வாழ்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல்.

இரண்டாவது வகை அப்படியல்ல. மாதவிலக்கு நின்று பல ஆண்டுகள் ஆனவர்களுக்கு, மெலிந்து சுருங்கிப்போன உள்சவ்விலிருந்தே கிளம்பக்கூடியது. பருமன் இல்லாதவர்களுக்கும் வரும். இதில் முக்கியமானது சீரஸ் கார்சினோமா என்பது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் 1982-இல் இதைத் தனி நோயாக வர்ணித்தார்கள். செல்லுக்குள் பி53 என்றொரு காவல் மரபணு உண்டு. பழுதுபட்ட செல் பெருகாமல் தடுப்பது அதன் வேலை. சீரஸ் வகையில் பத்தில் ஒன்பது பேருக்கு அந்தக் காவலே கெட்டுப்போயிருக்கிறது. அதனால்தான் கர்ப்பப்பையின் தசைக்குள் ஆழமாகப் போகுமுன்பே வயிற்றின் உள்ளுறைக்கும் கொழுப்புத் திரைக்கும் பரவிவிடும் குணம் இதற்கு இருக்கிறது. இதைவிட அரிதாக, கார்சினோசார்கோமா என்ற இன்னொரு முரட்டு வகையும் உண்டு.

எண்ணிக்கையில் சீரஸ் வகை உடல் பகுதிப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்றுதான். ஆனால் அந்நோயால் ஏற்படும் மரணங்களில் ஐந்தில் இரண்டு பங்கு இந்த ஒரு வகையால் என்று புத்தகங்களில் போட்டிருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்து அரிய நோய் என்று ஒதுக்கிவிட முடியாததற்கு இதுவே காரணம்.

பெயர்த்தெடுத்த பாதையும் கணக்கில்

இந்த முரட்டு வகை கூடுகிறதா, குறைகிறதா? நான் முதலில் தேடியது இதைத்தான். இதற்குச் சரியான விடை கிடைக்க அமெரிக்காவிலேயே வெகுநாள் ஆயிற்று. காரணம், வகுக்கும் எண்.

எங்கள் வேலையிலிருந்து உதாரணம் சொல்கிறேன். ஒரு பிரிவில் 100 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. வருடத்துக்கு 20 தண்டவாள முறிவு. அதாவது ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்று. பிறகு, பயன்படாத பழைய சைடிங்குகள் 25 கிலோமீட்டரைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். ஆனால் ஆபீஸ் பதிவேட்டில் பாதை நீளம் 100 என்றே இருக்கிறது. அடுத்த வருடம் 15 முறிவு. மேலதிகாரி 15-ஐ 100-ஆல் வகுத்துப் பார்த்து, முறிவு கால் பங்கு குறைந்துவிட்டது என்று பாராட்டுக் கடிதம் அனுப்புவார். உண்மையில் மீதி இருப்பது 75 கிலோமீட்டர். 75-க்கு 15 என்றால் அதே ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்றுதான். தண்டவாளத்தின் தரம் துளிக்கூட மாறவில்லை. இல்லாத பாதை முறியாது, அவ்வளவுதான்.

கர்ப்பப்பைப் புற்றுநோய்க் கணக்கும் இப்படித்தான். இத்தனை லட்சம் பெண்களில் இத்தனை பேருக்கு என்று வகுக்கிறார்கள். அந்த லட்சங்களில் ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்களும் அடக்கம். அவர்களுக்கு அந்த நோய் வர வழியே இல்லை. இவர்களையும் சேர்த்து வகுத்தால் விகிதம் குறைவாகத்தான் தெரியும்.

இதில் இன்னொரு மோசமான விளைவு உண்டு. கீழே வருவது விளக்கத்துக்காக நான் போட்ட கணக்கு, எந்த ஊரின் உண்மைக் கணக்கும் அன்று. கர்ப்பப்பை உள்ள ஒரு லட்சம் பெண்களில் 20 பேருக்கு நோய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஊரில் பத்தில் ஒருவர் கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர் என்றால், பதிவேட்டில் லட்சத்துக்கு 18 என்று பதிவாகும். இருபது வருடம் கழித்து அதே ஊரில் நான்கில் ஒருவர் எடுத்துவிட்டவர். இதற்கிடையே நோயும் 20-லிருந்து 24-ஆகக் கூடிவிட்டது. நூற்றுக்கு இருபது ஏற்றம், சாதாரணம் இல்லை. இப்போது பதிவேடு என்ன காட்டும்? மீதமுள்ள 75,000 பேரில் 18 பேர். மறுபடியும் 18! இருபது வருடமாக எந்த மாற்றமும் இல்லை என்று அறிக்கை எழுதி, கையெழுத்துப் போட்டு, பைலை மூடிவிடலாம்.

அமெரிக்காவில் அறுபது வயதுக்குள் மூன்றில் ஒரு பெண் கர்ப்பப்பையை எடுத்துவிடுகிறார் என்பது பலகாலமாகத் தெரிந்த செய்தி. அவர்களைக் கழித்துவிட்டு மீண்டும் வகுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று 2019-இல் வெளிவந்தது. அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த மேகன் கிளார்க் குழுவினர் செய்தது. முதல் வகையை விட்டுவிட்டு, சீரஸ் முதலான முரட்டு வகைகளை மட்டும் பார்த்தால், 2000 முதல் 2015 வரை வருடத்துக்கு 2.9 சதவீதம் ஏறியிருந்தது. 2.9 என்றால் சின்ன எண் போலத் தெரியும். கூட்டு வட்டி போட்டுப் பாருங்கள், பதினைந்து வருடத்தில் ஒன்றரை மடங்கு. எல்லா இனப் பெண்களிடமும் இந்த ஏற்றம் இருந்தது.

அதே ஆய்வில் இன்னொன்றும் வெளிப்பட்டது. அங்கே கறுப்பினப் பெண்களுக்கு இந்நோய் குறைவு என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். அவர்களிடையே கர்ப்பப்பை ஆபரேஷன் அதிகம் என்பதால் வந்த தோற்றம் அது. வகுக்கும் எண்ணைத் திருத்தியதும், அவர்களுக்குத்தான் அதிகம் என்றும், அதிலும் முரட்டு வகை மிக அதிகம் என்றும் தெரிந்தது. 2022-இல் அதே குழுவினர் மரணக் கணக்கையும் திருத்திப் பார்த்தார்கள். 2010 முதல் 2017 வரை முதல் வகையால் இறப்பவர்கள் விகிதம் ஏறாமல் நின்றிருக்க, முரட்டு வகைகளால் இறப்பது வருடத்துக்கு 2.7 சதவீதம் கூடியிருந்தது. ஏன் கூடுகிறது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஆயுள் கூடியது ஒரு காரணம் என்கிறார்கள். திசுவைப் பார்த்து வகை பிரிக்கும் முறை நுட்பமாகி, முன்பு வேறு பெயரில் எழுதப்பட்டவை இப்போது சரியான பெயரில் பதிவாகின்றன என்பது இன்னொன்று. இந்த இரண்டு மட்டும் போதாது என்றே பலரும் கருதுகிறார்கள்.

நம் ஊர்க் கணக்கு

இதைப் படித்தபோது எனக்கு அமெரிக்காவைவிட ஐதராபாத்துதான் நினைவுக்கு வந்தது. காரணம், இந்தியாவிலேயே கர்ப்பப்பை ஆபரேஷன் மிக அதிகம் நடக்கும் இடம் இந்த இரண்டு தெலுங்கு மாநிலங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள் நாடு முழுவதும் 3.3 சதவீதம். தெலங்கானாவில் 8.2, ஆந்திராவில் 8.7. இந்த வயது வரம்பில் பதினைந்து வயதுப் பெண்ணும் இருபது வயதுப் பெண்ணும் அடக்கம் என்பதை மறக்க வேண்டாம். அவர்களைத் தள்ளிவிட்டு ஐம்பது தாண்டியவர்களை மட்டும் எண்ணினால் பங்கு இன்னும் கூடும். புற்றுநோய் வருவதோ அந்த வயதில்தான்.

ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்ன காரணம் அதிக இரத்தப்போக்கு அல்லது வலி. மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தனியார் ஆஸ்பத்திரிகளில் நடந்தவை. செய்துகொண்ட வயது, நடுவாகப் பார்த்தால், முப்பத்தைந்துக்கு முன்பின். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையில்லாமல் இப்படி எடுக்கிறார்கள் என்று டாக்டர் நரேந்திர குப்தா என்பவர் 2013-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். மத்திய சுகாதார அமைச்சகம் 2022-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2023 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, மூன்று மாதத்துக்குள் எல்லா மாநிலங்களும் அவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

ஐதராபாத் மாவட்டத்துக்கென்று மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடு ஒன்று உண்டு. பஞ்சாகுட்டாவில் உள்ள நிம்ஸ் மருத்துவமனை அதை நடத்துகிறது. 2014 முதலான விவரங்கள் தேசிய அறிக்கையில் அச்சாகியுள்ளன. மிகுந்த உழைப்பில் செய்யப்படும் வேலை அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் தேசிய அறிக்கையின் அட்டவணைகளில் கர்ப்பப்பை உடல் என்பது சி-54 என்ற குறியீட்டில் ஒரே வரியாக இருக்கிறது. சாது வகையும் முரட்டு வகையும் அந்த ஒரே வரிக்குள். வகுக்கும் எண்ணோ, மொத்தப் பெண்கள் தொகை. இந்த ஊரில் அந்த வரியைப் பார்த்து, நோய் குறைவு என்றோ ஏறவில்லை என்றோ யாரும் நிம்மதி அடைய இடமில்லை. எடுக்காமல் இருக்கும் பெண்களின் உண்மையான அபாயம் அந்த எண்ணைவிடக் கூடுதலாகத்தான் இருக்க முடியும்.

ஒரு தாயார் என்னிடமே கேட்டார்: "அப்படின்னா எடுத்துடறதே நல்லதுதானேங்க?" இல்லவே இல்லை. இந்தியப் பெண்ணுக்கு ஆயுளில் உடல் பகுதிப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே. அதற்குப் பயந்து முப்பத்தைந்து வயதில் பெரிய ஆபரேஷன் செய்துகொள்வது, முறிவு வருமென்று பயந்து பாதையையே பெயர்த்தெடுப்பது போலாகும். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் எலும்பு தேய்வதும் இதயநோயும் சீக்கிரம் வந்து சேரும். மாதவிலக்கின்போது அதிகம் போவதற்கு மாத்திரையும் உண்டு, உள்ளே வைக்கும் ஹார்மோன் சாதனமும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் நேரே ஆபரேஷன் தேதியைக் குறிப்பவரிடம் இருந்து எழுந்து வந்து, இன்னொரு மருத்துவரைக் கேட்பதே முறை. உண்மையிலேயே ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களும் உண்டு. அவர்களைத் தடுக்க நான் யார்?

நேர்க்குத்தும் சாய்வும்

இனி நோயைக் கண்டுபிடிக்கும் விதம். நல்ல வேளையாக இந்த நோய் பெரும்பாலும் குரல் கொடுத்துவிட்டுத்தான் வருகிறது. மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆனபின் சொட்டு இரத்தமோ, சிவந்த கறையோ, இளஞ்சிவப்பு நீரோ பட்டால் அதுவே அந்தக் குரல். இந்நோய் வந்த, மாதவிலக்கு நின்ற பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அந்த அறிகுறி இருந்திருக்கிறது. மறுபுறம், அப்படி இரத்தம் பட்டு வைத்தியரிடம் போகும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. போய்ப் பார்ப்பதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்பதற்காகவே இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் ஸ்கேன் எடுப்பார்கள். உள்சவ்வின் தடிப்பு 4 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ இருந்தால், புற்று இல்லை என்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் நம்பலாம். இது சரியான விதிதான். ஆனால் விதி முதன்மையாக முதல் வகையை வைத்து உண்டானது. அந்த வகை தடித்துத்தான் வளரும். சீரஸ் வகையோ மெலிந்த சவ்விலும் வளரும் என்று மேலே சொன்னேன்.

தண்டவாளத்தையும் நாங்கள் ஒலி அலையால்தான் சோதிப்போம். தள்ளுவண்டி போன்ற கருவி, கீழே பல புரோப்கள். நேர்க்குத்தாக அலையை அனுப்பும் புரோப், படுக்கைவாட்டில் உள்ள விரிசலைக் காட்டிக்கொடுக்கும். நெட்டுக்குத்தாக நிற்கும் விரிசல் அதன் கண்ணில் படாமல் தப்பிவிடும். அதற்கு 70 டிகிரி சாய்ந்த புரோப் வேண்டும். முதல் புரோப் நன்றாக வேலை செய்கிறது, அதில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் கீமேன் அந்த இடத்தில் சத்தம் மாறுகிறது என்கிறார் என்றால், நாங்கள் கருவியைக் காட்டி அவரை அனுப்பிவிட மாட்டோம். இங்கேயும் அப்படித்தான். ஸ்கேன் மெல்லியது என்று சொன்ன பிறகும் இரத்தம் மறுபடி பட்டால், அடுத்தது சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி. மெல்லிய குழாய் நுழைத்து, படுக்கையில் சேராமலே எடுக்கலாம். அதிலும் தெளிவு இல்லை என்றால் ஹிஸ்டெரோஸ்கோபி என்ற சிறு குழாய்க் கேமராவால் உள்ளே பார்த்து எடுப்பார்கள்.

என் மனைவியின் அக்கா கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி வந்து, நாற்பது வருடத்துக்கு மேல் இங்கேயே இருந்தவர். அத்திம்பேர் ஐ.டி.பி.எல்.லில் வேலை பார்த்தவர். அறுபத்தாறு வயதில் ஒருநாள் அவருக்குக் கறை பட்டது. ஒரு நர்சிங் ஹோமில் ஸ்கேன் எடுத்தார்கள். மூன்றரை மில்லிமீட்டர். கவலையில்லை, மறுபடி பட்டால் வாருங்கள் என்றார்கள். இரண்டு மாதத்தில் மறுபடி பட்டது. அவர் போகவில்லை. ஸ்கேன் நன்றாக இருக்கிறதே என்று ஒரு நினைப்பு. அதைவிடப் பெரியது கூச்சம். ஐந்து மாதம் கழித்து என் மனைவியிடம் சமையலறையில் வைத்துத்தான் சொன்னார்: "பேரன் காலேஜ் போறான்டி. இந்த வயசுல இதைப் போய் யார்கிட்ட சொல்றது?" பயாப்ஸியில் சீரஸ் என்று வந்தது. ஆபரேஷனில் திறந்தபோது வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரையிலும் ஏறியிருந்தது. கர்ப்பப்பை, சினைப்பைகள், நிணநீர் முடிச்சுகள், அந்தத் திரை எல்லாவற்றையும் எடுத்தார்கள். பிறகு ஆறு தடவை கீமோ. இரண்டு வருடமும் சில மாதங்களும் இருந்தார். கடைசிவரை அவரே கோலம் போட்டார்.

அவருக்குக் கொடுத்த கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் என்ற இரண்டு மருந்துகளே இன்றும் அடிப்படை. இதற்கு மேல் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சீரஸ் வகையில் நாலில் ஒருவருக்கு மேல் ஹெர்-2 என்ற புரதம் மிகுந்திருக்கும். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்தைச் சேர்த்தால், முற்றிய நிலையிலும் நோய் திரும்பத் தலையெடுக்கும் காலம் தள்ளிப்போகிறது என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே பயாப்ஸி அறிக்கையில் "சீரஸ்" என்ற சொல்லைப் பார்த்தால், ஹெர்-2 பார்த்தீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். 2023-இல் திருத்திய சர்வதேச நிலைப் பகுப்பு முறையிலும், பரவிய தூரத்தோடு கட்டியின் வகையையும் சேர்த்தே நிலையைக் குறிக்கிறார்கள்.

மார்பகப் புற்றுநோய்க்காக டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிற தாய்மார்கள் நம்மில் சிலர் உண்டு. அந்த மாத்திரை அவர்களுக்குச் செய்யும் நன்மை பெரியது, நிறுத்தக் கூடாது. ஆனால் கர்ப்பப்பை உள்சவ்வில் புற்று வரும் வாய்ப்பை அது சற்றுக் கூட்டுகிறது. அவர்களுக்குச் சொட்டு இரத்தம் பட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம். ஏற்கெனவே கர்ப்பப்பை எடுத்தவர்கள், எடுத்த உறுப்பின் திசு அறிக்கையை வாங்கி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். எத்தனையோ வீடுகளில் பில் மட்டும் இருக்கிறது, அறிக்கை இல்லை. அறிக்கையில் வாய்ப் பகுதியை விட்டு வைத்தார்களா, சினைப்பைகள் இருக்கின்றனவா என்பதும் தெரியும். வாய் விட்டு வைக்கப்பட்டிருந்தால் பாப் ஸ்மியரை நிறுத்தக் கூடாது. ரயில்வே பென்ஷன்காரர் குடும்பங்களுக்கு லாலாகுடா ஆஸ்பத்திரி இருக்கிறது. இ.எஸ்.ஐ. சந்தா கட்டுகிறவர்களுக்கு சனத்நகர் அருகிலேயே இருக்கிறது. புற்றுநோய் என்று உறுதியானால் ரெட்ஹில்ஸில் அரசின் எம்.என்.ஜே. மருத்துவமனை உண்டு.

நம் சங்கத்தின் மருத்துவ முகாமில் இதுவரை நிரப்பும் படிவத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை, கண் இவ்வளவுதான் இருக்கின்றன. பெண்களுக்கு மூன்று கேள்விகள் சேர்க்கும்படி மகளிர் அணியினரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கர்ப்பப்பையை எடுத்துவிட்டீர்களா, ஆம் என்றால் எந்த வயதில், எதற்காக? மாதவிலக்கு நின்று எத்தனை வருடம் ஆயிற்று? நின்ற பிறகு எப்போதாவது கறை பட்டதா? கேட்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். தனி அறையில் கேட்க வேண்டும். மருமகளையோ மகனையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கக் கூடாது. மூன்றாவது கேள்விக்கு ஆம் என்பவரை அன்றே ஒரு பெண் மருத்துவரிடம் அனுப்ப ஏற்பாடு வேண்டும். முதல் கேள்விக்கு வரும் விடைகளைப் பெயர் இல்லாமல் தொகுத்துக் கொடுத்தால், நம் குடும்பங்களில் எத்தனை பேர், எந்த வயதில் எடுத்திருக்கிறார்கள் என்ற கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.